ஆறேகால் மில்லிமீற்றரும் நிரோஷனும்

மனிதக் கண்ணுக்குள் ஆறேகால் மில்லிமீற்றர் வளையம் ஒன்றைப் போட ஒரு டொக்டர் வேண்டும். அவர் அதைப் போடும்போது சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நிற்க எங்களைப் போல ஒருவர் வேண்டும்.

கம்பனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்களில் கால் கடுக்க நின்ற சக ஜீவன்களே, உங்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணில் வெள்ளை படர்ந்தால் உள்ளே இருக்கும் வில்லையை எடுத்துவிட்டுப் புதியது வைப்பார்கள். இப்போது அந்த வேலையின் முதல் பாதியை லேசர் செய்கிறது. வில்லையின் மேல்தோலை வட்டமாக வெட்டி, உள்ளே இறுகியதைத் துண்டு துண்டாக்கித் தருகிறது. ஆனால் லேசர் போக ஒரே வாசல்தான், கண்மணி. சொட்டு மருந்து விட்டால் பெரும்பாலானோருக்கு அது நன்றாக விரியும். நீண்ட காலம் நீரிழிவு உள்ளவர்கள், சில குளிசைகள், அதாவது மாத்திரைகள், எடுப்பவர்கள், சில முதியவர்கள் ஆகியோருக்கு ஒரு மிளகு அளவுக்கு மேல் விரியாது. அந்தக் கண்களுக்குத்தான் எங்கள் கம்பனியின் வளையம். நூல் போல மெல்லியது, நான்கு மூலையிலும் சிறு சுருள். அந்தச் சுருள்கள் கண்மணியின் விளிம்பைக் கவ்வி விரித்துப் பிடிக்கும். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுவார்கள்.

கண்டிக் கிளைக்கு எங்கள் கம்பனி ஒரே நாளில் இரண்டு பேரை எடுத்தது. ஒன்று நான். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பல்கலைக்கழகம் வரை போய்த் திரும்பியவள்; எங்கள் குடும்பத்தில் பட்டம் என்றால் அதுவரை காற்றில் விடுவதுதான். மற்றவன் நிரோஷன். கண்டி நகரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். ஒரு வருடம் முடியும்போது இருவரில் ஒருவரை லேசர் அறைக்கு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். மற்றவர் சொட்டு மருந்துப் பையோடு கம்பளை, நாவலப்பிட்டி பார்மசிகளுக்கு, இன்னும் ஆறு மாதத் தகுதிகாண் காலத்துக்கு. அப்பா அதற்குள் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எல்லோரிடமும் மகள் ஒப்பரேஷன் வேலையில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த லேசர் அறை வேண்டும். அது நிரோஷனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதும் ஏறக்குறைய அதே அளவுக்கு வேண்டும். இந்த இரண்டாவது ஆசையை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

பன்னிரண்டு கண்கள்

முதல் மாதமே ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். டொக்டர்கள் வளையத்தைப் போட்டுப் பழக இறைச்சிக் கடைக் கண்கள்தான் கிடைக்கும். ஆளுக்குப் பன்னிரண்டு கொண்டு வரும்படி எங்கள் மெனேஜர் பாஹிம் சேர் சொன்னார். நான் முதல் பஸ்ஸில் வத்தேகமச் சந்தைக்குப் போனேன். ஆட்டிறைச்சிக் கடைக்காரர், "கண்ண மட்டும் எடுத்துப் போய் என்ன மகள் செய்யப் போறீங்க? தலையோட எடுங்க, சூப் வைக்கலாம்" என்றார். பொய் சொல்ல எனக்கு வராது. கண்புரையிலிருந்து லேசர் வரை முழுவதையும் விளக்கினேன். பின்னால் நின்ற வரிசையும் கேட்டது. கடைசியில் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு கண்களையும் ஐஸ் போட்ட பையில் கட்டித் தந்தார்.

வகுப்பில் என் பையைத் திறந்து முதல் கண்ணை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்ததும் பிழை தெரிந்தது. ஆட்டின் கண்மணி வட்டம் அல்ல. தபால் பெட்டியின் வாய் போலப் படுக்கை வாட்டில் ஒரு கீறல். வளையத்தின் இரண்டு மூலைகள் கவ்வின, மற்ற இரண்டும் அந்தரத்தில் தொங்கின. பக்கத்து மேசையில் நிரோஷன் ஒரு வாளியைத் திறந்தான். பன்றிக் கண்கள், கண்மணி ஏறக்குறைய வட்டம். கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதானாம். அவன் படித்தது வணிகம். நான் படித்தது விலங்கியல். போதாக்குறைக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டியிருந்தோம், பத்து வருடம் அதற்குக் குழை போட்டவள் நான். வகுப்பை நடத்திய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி. பிறகு எங்கள் தலையெழுத்தெல்லாம் அவருடைய ஒப்பரேஷன் தியேட்டரில்தான் எழுதப்பட்டது. அவர் என் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கோபமில்லாமல் கேட்டார்.

"ஏன் பிள்ளை, நீர் ஒருநாளும் ஆட்டை முகத்துக்கு நேர பாத்ததில்லையோ?"

மாஸ்க்குக்குள்ளே

நிரோஷன் மூன்று மொழியிலும் கியர் மாற்றுவது போலப் பேசுவான். ஒரே வசனத்தில் டொக்டருக்குத் தமிழ், சிஸ்டருக்குச் சிங்களம், இயந்திரத்துக்கு ஆங்கிலம். நான் மூன்றிலும் முதலில் மனதுக்குள் எழுதி, பிழை திருத்தி, பிறகுதான் வாயைத் திறப்பேன். அதற்குள் பேச்சு அடுத்த சந்திக்குப் போயிருக்கும்.

எங்கள் வளையம் இரண்டு அளவில் வரும், ஆறேகால் மில்லிமீற்றர், ஏழு மில்லிமீற்றர். ஒருநாள் தியேட்டரில் டொக்டர் திரும்பாமலே, "இந்தக் கண்ணுக்கு எது?" என்று கேட்டார். அந்தக் கண்ணின் அளவுகள், தியேட்டர் மேசையில் எப்போதும் கிடக்கும் என் கொப்பியில் முதல் நாளே இருந்தன. முன்பக்க இடம் ஆழமில்லாத கண், பெரிய வளையம் இடிக்கும். "சின்னது டொக்டர்" என்றேன். மாஸ்க்குக்குள்ளேயே அது செத்துவிட்டது. பக்கத்தில் நின்ற நிரோஷனுக்கு மட்டும் கேட்டது. "ஆறேகால் டொக்டர்" என்றான் மணி அடித்த மாதிரி. அவன் திருடவில்லை. என் குரலைத் தூக்கிக் கொடுத்து உதவுவதாகத்தான் நினைத்தான், பிறகு என்னைப் பார்த்துக் கண்ணும் சிமிட்டினான். ஆனால் டொக்டர் சிஸ்டரிடம் சொன்னது என் காதில் இப்போதும் இருக்கிறது.

"இந்தத் தம்பிக்கு விசயம் தெரியுது."

கடுதாசி

கண்மணியைச் சுருங்க வைக்கும் குளிசைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் மிகவும் பொல்லாதது, வயதான ஆண்கள் சிறுநீர் தாராளமாகப் போவதற்கு எடுக்கும் குளிசை. அதை எடுப்பவர்களின் கண்ணில், கண்மணியைச் சுற்றியுள்ள கருந்திரை ஈரத் துணி போலத் தளர்ந்துவிடும். ஒப்பரேஷன் நடுவில் அலைபாயும், கண்மணி சுருங்கும். முன்கூட்டியே தெரிந்தால் வளையத்தோடு தயாராகலாம். அதனால் எங்கள் கம்பனிப் படிவத்தை நிரப்பும்போது நோயாளியிடம் குளிசைகளைக் கேட்டு எழுதச் சிஸ்டர் எங்களுக்கு அனுமதி தந்திருந்தார்.

அக்குறணையிலிருந்து ஒரு ஹாஜியார் வந்தார். வெள்ளைத் தொப்பி, ஒருபக்கம் மகன், மறுபக்கம் மருமகள். நான் கதிரையை இழுத்துப்போட்டுப் படிவத்தின் பதினான்கு கேள்விகளையும் வரிசை தவறாமல் கேட்டேன். "சிறுநீர்ப் பிரச்சினைக்கு ஏதாவது?" என்ற ஒன்பதாவது கேள்விக்கும் "இல்ல மகள்" என்றார். பதினான்கு "இல்லை"யையும் அழகாக எழுதி முடித்தேன். அரை மணி நேரத்தில் நிரோஷன் அவரோடு யன்னலோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். மழை, மிளகு விலை, முழங்கால் வலி என்று பேச்சு ஏதோ வழியில் சுற்றிப் போய்க் கழிவறையில் முடிந்திருக்கிறது. இரண்டு வருடமாக அந்தக் குளிசை, ஒவ்வொரு நாளும், சாப்பாட்டுக்குப் பிறகு. நிரோஷன் நேரே சிஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

அன்று வளையம் தயாராக இருந்தது. ஹாஜியாரின் கண் தப்பியது. எனக்கு முதலில் அந்தக் கண்ணுக்காகத்தான் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும்; வந்தது இரண்டாவதாக. அடுத்த நாள் கட்டு அவிழ்க்க வந்தவரிடம், "நான் கேட்கும்போது ஏன் சொல்லவில்லை ஹாஜியார்?" என்று கேட்டே விட்டேன். அவர் மருமகள் தூரத்தில் நிற்பதை உறுதி செய்துகொண்டு பதில் சொன்னார்.

"நீங்க கடுதாசியப் பாத்துக் கேட்டீங்க மகள், அந்தத் தம்பி என்ட மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு."

ரிங் உள்ளே

அந்த ஆஸ்பத்திரியில் தியேட்டர் மேல் மாடியில், லேசர் அதற்குக் கீழ் மாடியில். இயந்திரத்தின் பாரத்தை மேல் மாடி தாங்காது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டாராம். ஆகவே சின்னக் கண்மணிக்காரர்கள் முதலில் மேலே போய் வளையம் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடியோடு, சக்கரக் கதிரையில், லிஃப்டில் கீழே வந்து லேசர். மறுபடி மேலே போய் மிச்ச வேலை. இந்தப் போக்குவரத்தில் யாரும் மறந்துவிடாமல் இருக்க நெற்றியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, "ரிங் உள்ளே" என்று பேனாவால் எழுதுவது அங்கே வழக்கம். எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நல்லதென்று சிஸ்டர் சொன்னார். நிரோஷனின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அவனிடம் இல்லாத ஒரே திறமையை வைத்துக்கொண்டு நான் நெற்றிகளில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் லிஃப்டுக்குக் காத்து நின்றபோது சக்கரக் கதிரையில் இருந்த வயதான அம்மா ஒருவர் மற்றக் கண்ணால் என்னை உற்றுப் பார்த்தார். புசல்லாவைக்காரர். "நீ சுப்பிரமணியம் மகதானே?" என்றார். அப்பாவின் பெயரை அந்த இடத்தில் கேட்டதும் எனக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி இருந்தது. அப்போது நிரோஷன் பச்சைத் தொப்பியோடு வந்து, "அம்மா, பயப்படாதீங்க, ஒன்னுமே வலிக்காது" என்று தோளைத் தட்டிவிட்டுப் படியில் தாவி இறங்கிப் போனான். நானும் அதே பச்சைத் தொப்பிதான் போட்டிருந்தேன். அம்மா அவன் போன திசையைப் பார்த்து, "டொக்டர் எவ்வளவு சின்ன வயசு!" என்றார். "அவர் டொக்டர் இல்லை அம்மா, என்னோடுதான் வேலை செய்கிறார்" என்றேன். அவர் நம்பவில்லை. என் கையைப் பிடித்து, உண்மையான பெருமையோடு சொன்னார்.

"ஒனக்கென்ன கொற கண்ணு, நம்ம தோட்டத்துப் புள்ள ஒன்னு டொக்டர் பக்கத்துல நின்னு துணி எடுத்துக் குடுக்குற அளவுக்கு வந்திருச்சே!"

கழுத்து

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் வெறும் சிரிப்பாகிவிடும்.

வருட முடிவுக்கு ஒரு வாரம் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பெயர் அறிவிப்பார்கள். அன்றைய நோயாளி ஓய்வு பெற்ற ஆசிரியர், கட்டுகஸ்தோட்டைக்காரர், நீண்ட கால நீரிழிவு. மேல் மாடியில் வளையம் போட்டாயிற்று. லேசர் அறையில் சரிபார்க்கும் பட்டியலை உரக்கச் சொல்வது அன்று நிரோஷனின் முறை. நான் பார்வையாளர், சுவரோரம்.

லேசருக்குக் கீழே கண்ணை வைத்ததும் அதன் குறுக்குவெட்டுப் படம் திரையில் வரும். வளையம் போடும்போது உள்ளே விட்ட ஜெல்லை முழுதாகக் கழுவி எடுத்திருக்க வேண்டும். காற்றுக் குமிழி எதுவும் தங்கியிருக்கக் கூடாது. தங்கினால் அந்த இடத்தில் லேசர் சரியாக வெட்டாது. வெட்டாத இடத்தில் பிறகு வில்லையின் தோல் கிழியலாம், கிழிசல் ஓடினால் புதிய வில்லையை வைப்பதே பாடாகிவிடும். நிரோஷன் தன் மணிக் குரலில் சொன்னான்: "மூலை நாலும் பிடிச்சிருக்கு. ஜெல் இல்ல. குமிழி இல்ல. ரெடி டொக்டர்."

குமிழி இருந்தது. வளையத்தின் கீழ் மூலையின் நிழலுக்குள், ஒரு சீனிக் கல் அளவுக்கு. நான் பார்த்தேன். பார்த்ததில் சந்தேகமே இல்லை. டொக்டரின் கால் லேசரை ஓட்டும் மிதியை நோக்கிப் போனது. என் வாயில் வசனம் தயாராக இருந்தது, அன்றைக்கு எழுதித் திருத்தவும் தேவைப்படவில்லை. ஆனால் நான் பேசவில்லை. வெள்ளிக்கிழமை என்ற ஒரு சொல் மட்டும் தலைக்குள் ஓடியது. மூன்று மூச்சு விடும் நேரம் இருக்கும். லேசருக்குக் கீழே மல்லாந்து கிடந்த அந்த மனிதர் என்னைப் போல எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்திருப்பாரோ என்ற எண்ணமெல்லாம் பிறகுதான் வந்தது. அந்த மூன்று மூச்சிலும் எனக்கு அவர் தெரியவில்லை, நிரோஷன் மட்டும்தான் தெரிந்தான்.

"பொறுங்கோ" என்றார் டொக்டர். கால் மிதியில் படாமல் நின்றது. "தம்பி, இது என்ன? எனக்குத் தெரியிறது உமக்குத் தெரியேல்லையோ?" நிரோஷன் திரையில் குனிந்தான், முகம் வெளுத்தது. "என் பிழை டொக்டர். நான் பாக்கல" என்றான் உடனே. நிழல், வெளிச்சம், இயந்திரம் என்று ஒரு சாட்டும் சொல்லவில்லை. ஆசிரியரை மறுபடி மேலே கொண்டுபோய்க் குமிழியை எடுத்து, மறுபடி கீழே கொண்டுவந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அவர் மட்டும் லிஃப்டில், "இந்த வயசில என்னை மேல் வகுப்புக்கும் கீழ் வகுப்புக்கும் மாத்திக்கிட்டே இருக்கீங்களே" என்று முனகினார்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக் கன்ரீனில் நிரோஷன் இரண்டு பிளேன்டீ வாங்கி ஒன்றை என் பக்கம் தள்ளினான். "நீ மொதல்லயே பாத்துட்ட" என்றான். நான் கோப்பையையே பார்த்தேன். "திரையில ஏதாவது கண்டா நீ கழுத்த நீட்டுவ, ஒரு வருசமாப் பாக்குறேன். இன்னைக்கு நீட்டிட்டு இழுத்துக்கிட்ட." அவன் எழுந்து, கதிரையை உள்ளே தள்ளிவிட்டு, இதையும் சொன்னான்.

"பயப்படாத, நான் யாருக்கிட்டயும் சொல்லமாட்டேன்."

பாஹிம் சேரின் மேசை

நான்கு நாட்கள் அந்த வசனத்தோடு பஸ்ஸில் போய் வந்தேன். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போட்டுக் கொடுத்திருந்தால் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன். நல்ல குரல், நல்ல பேச்சு, நல்ல சப்பாத்து, இப்போது நல்ல மனசும் அவனுக்கே. என் குற்றத்தை மூடி வைத்திருக்கும் பெருந்தன்மையும் அவனுடைய சட்டைப் பையில். அதை மட்டும் அவனிடம் விட்டு வைக்க முடியாது என்று தோன்றியது. வியாழக்கிழமை காலை நான் பாஹிம் சேரின் அறைக்குப் போனதை யாரும் நேர்மை என்று எழுதிவிட வேண்டாம். நேர்மை அதில் பாதிதான், மிச்சப் பாதி பொறாமை. அவன் எனக்காக ஒன்றை மறைத்தான் என்ற கணக்கு வாழ்நாள் முழுக்க என் பேரில் நிற்கக் கூடாது.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். குமிழியை நான் முதலே கண்டேன், வேண்டுமென்றே சொல்லவில்லை, காரணம் வெள்ளிக்கிழமை. பாஹிம் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "டொக்டருக்குத் தெரியுமா?" என்றார். "இப்போதே போய் அவரிடமும் சொல்கிறேன் சேர்" என்றேன். "நிரோஷன் சொல்லித்தான் வந்தீங்களா?" "அவன் யாருக்கும் சொல்லமாட்டேன் என்றான் சேர்." அவர் அலுமாரியைத் திறந்தார், ஒரு ஃபைலை எடுத்தார், திறக்காமல் மறுபடி வைத்தார். அவருக்குத் தலைவலி வரும்போது செய்வது அதுதான். நான் நின்றுகொண்டே இருந்தேன். இருக்கச் சொல்ல அவருக்கும் மறந்துவிட்டது.

"டொக்டர் போன கிழமையே ஒங்கட கொப்பியக் காட்டி ஒங்களத்தான் கேட்டாங்க, நானும் நாளைக்கு ஒங்கட பேரத்தான் போட இருந்தேன், இப்ப என்னைய என்ன செய்யச் சொல்றீங்க மகள்?"

நாவலப்பிட்டி

டொக்டரிடமும் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். கழுவி முடித்துக் கையைத் துடைத்தார். பிறகு, "கண்டால் சொல்ற ஆள்தான் எனக்கு அந்தச் சுவரோரம் வேணும் பிள்ளை" என்றார். வெள்ளிக்கிழமை நிரோஷனின் பெயர் வந்தது.

அவன் என் மேசைக்கு வந்தான். முகத்தில் சந்தோசம் இல்லை, கோபம்தான் இருந்தது. "நான்தான் சொல்லமாட்டேன்னு சொன்னேனே, ஒனக்கு என்ன பைத்தியமா?" என்றான். "உன் தயவில் எனக்கு வேலை வேண்டாம்" என்று சொல்ல நினைத்தேன். வந்தது, "வாழ்த்துகள்" என்ற ஒரு சொல்தான். வழக்கம்போல மெதுவாக. இந்த முறை அவன் அதை யாருக்கும் உரக்கச் சொல்லித் தரவில்லை.

இப்போது நான் சொட்டு மருந்துப் பையோடு நாவலப்பிட்டி வரை போகிறேன். அப்பாவிடம் வேலை மாறியிருக்கிறது என்றேன். அவர் லயத்தில் அதைக் "கண்ணு மருந்துப் பிரிவு" என்று சொல்லி நிலைமையைச் சமாளித்துக்கொண்டார். பார்மசி முதலாளிகளிடம் இப்போது படிவத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகுகிறேன். பாதி நாள் வருகிறது. போன கிழமை பஸ் நிலையத்தில் நிற்கும்போது நிரோஷன் அழைத்தான். தியேட்டருக்கு வெளியிலிருந்து, ஒப்பரேஷனுக்கு அரை மணி நேரம் முன்னால். ஒரு கண்ணின் அளவுகளைச் சொல்லி எந்த வளையம் என்று கேட்டான். நான் கேட்க வேண்டியதைக் கேட்டு, "சின்னது" என்றேன். பஸ் இரைச்சலில் இரண்டாம் தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன், "நானும் அதத்தான் நெனச்சேன், ஆனா நீ சொன்னாத்தான் டொக்டருக்கு முன்னால தைரியமா நிப்பேன்" என்றான். என்னால் இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொல்ல முடியாத ஒரு வசனத்தை அவன் தொலைபேசியில் சும்மா சொல்லிவிட்டுப் போகிறான். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. வைப்பதற்கு முன் இதையும் கேட்டான்.

"அங்க மழையா? கொட பிடிச்சுக்கிட்டு நில்லு, காய்ச்சல் வந்துட்டா நான் யாரக் கேக்குறது?"

ஆக, அந்த வருடம் எங்கள் கண்டிக் கிளையில் நிரந்தரமாக்கப்பட்டவை இரண்டு: ஒன்று நிரோஷன், மற்றது என் பொறாமை.